தவளை முட்டையில் ஓடைநீரைச் சோதிக்கும் டர்பன் ஆய்வுக்கூடச் சேவை: ஒரு மதிப்புரை

டர்பனின் தொழிற்பேட்டை ஒன்றில் இயங்கும் தனியார் நீர் ஆய்வுக்கூடம், வழக்கமான உலோக அளவீட்டோடு கூட, தவளைக் கருக்களையும் தலைப்பிரட்டைகளையும் கொண்டு நீரின் நச்சுத்தன்மையையும் அது மரபுப்பொருளுக்கு (டிஎன்ஏவுக்கு) செய்யும் சேதத்தையும் சோதித்துத் தருகிறது. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் கோயில் சபை இந்தச் சேவையை விலைகொடுத்து வாங்கியது. கோயிலுக்குப் பின்புறம் ஓடி உம்லாத்துசானா ஆற்றை நோக்கிச் செல்லும் சிற்றோடையின் மேற்பகுதியில் மின்முலாம் பூசும் பட்டறைகளும் பழைய பேட்டரி வாங்கும் கிடங்கும் இருக்கின்றன; காவடி நாளில் கரையில் நின்று பூசை செய்பவர்களும் அந்த நீரில் காலை நனைக்கும் குழந்தைகளும் இருப்பதால் சபைக்கு இதில் அக்கறை உண்டு. சேவையின் ஒரு பாதி மிக நன்றாகவும் மறுபாதி அரைகுறையாகவும் இருந்தது. குறைகளை எழுத்தில் தெரிவித்து, அவர்களும் எழுத்தில் பதில் தந்து, சில திருத்தங்களுக்கு ஒப்புக்கொண்டிருப்பதால் கூடத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய சோதனையை எந்தக் கூடத்தில் வாங்கினாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை உதவும்.

உலோகத்தை நேரடியாக அளந்துவிட்டால் போதாதா என்று சபைக் கூட்டத்தில் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதலில் நாங்களும் அந்த அளவீட்டை மட்டுமே செய்து பார்த்தோம். வந்த அறிக்கையில் எல்லா உலோகங்களுக்கும் எதிரே 'வரம்புக்குள்' என்று எழுதியிருந்தது. ஆனால் அந்த வரம்பு யாருக்கானது என்பதுதான் விஷயம். தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரமான சான்ஸ் 241, தாமிரத்துக்கு லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராம் வரை இடம் தருகிறது. மனிதக் கல்லீரல் அதைச் சமாளித்துவிடும். நீர்வள அமைச்சகம் 1996இல் வெளியிட்ட நீர்வாழ் உயிரினங்களுக்கான வழிகாட்டியோ அதே தாமிரத்துக்கு, நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவைப் பொறுத்து, 0.3 முதல் 1.4 மைக்ரோகிராம் வரைதான் இலக்கு வைக்கிறது. காட்மியத்துக்குக் குடிநீரில் 3 மைக்ரோகிராம். மென்னீரில் வாழும் உயிர்களுக்கு 0.15. ஆகவே மனிதன் குடித்துப் பிழைக்கக்கூடிய நீரில் தலைப்பிரட்டை பிழைக்காமல் போவதில் முரண்பாடு எதுவும் இல்லை. மேலும், ஈயம், காட்மியம், துத்தநாகம் மூன்றும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை எந்த அளவீட்டுக் கருவியும் சொல்லாது. அதைச் சொல்ல ஓர் உயிர் வேண்டும்.

முதலில் நீர் எடுக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சேவையில் ஒரு குறையும் காணமுடியாத பகுதி அதுதான். பனிக்கட்டிப் பொதிகளோடு வந்த பெட்டியில் இரண்டு வகைப் புட்டிகள் இருந்தன. சிறியவற்றின் அடியில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் இருந்தன. உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் கரைந்த நிலையிலேயே இருக்க அது தேவை என்பதால், அலசிவிடக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். பெரியவற்றில் அமிலம் கிடையாது. அந்த நீரில்தான் கருக்களை விடப் போகிறார்கள் என்பதால் அதில் எதுவும் கலக்கக் கூடாது, காற்றிடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும். உலோக அளவீட்டுக்கான நீரில் ஒரு பங்கை 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து, கரைந்த உலோகம் வேறு, மொத்த உலோகம் வேறு என இரண்டையும் அளந்து தந்தார்கள். இதைப் பல கூடங்கள் கேட்டால்தான் செய்கின்றன. வடிகட்டாமல் அளந்த எண்ணில் மண்துகளோடு ஒட்டிய உலோகமும் சேர்ந்துவிடும். அது முழுவதும் உயிரின் செவுளுக்குள்ளோ தோலுக்குள்ளோ போய்விடுவதில்லை. அதனால் அந்த ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தவளையின் கதியைக் கணிக்க முடியாது.

சோதனைக்குப் பயன்படும் உயிர் நம் தென்னாப்பிரிக்காவின் பிளாட்டானா, அதாவது ஜெனோபஸ் லேவிஸ் என்னும் நகமுள்ள தவளை. பண்ணைக் குளங்களிலும் அணைகளிலும் தூண்டில் போடுபவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள். உலகம் முழுவதும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு இது போய்ச் சேர்ந்ததும் இந்த மண்ணிலிருந்துதான். 1930களில் கேப்டவுனில் ஷாபிரோ, ஸ்வாரன்ஸ்டைன் ஆகியோர், கர்ப்பிணியின் சிறுநீரைப் பெண் பிளாட்டானாவுக்கு ஊசியால் செலுத்தினால் அது சில மணிநேரத்தில் முட்டையிடும் என்பதைக் கர்ப்பப் பரிசோதனையாக்கினார்கள். அதற்குக் காரணமான ஹார்மோனைத்தான் இன்றும் கூடத்தில் ஊசிபோட்டு, மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டு, மறுநாள் காலையில் முட்டைகளைச் சேகரிக்கிறார்கள். ஆண்டின் எந்த மாதத்திலும் முட்டை கிடைக்கும் என்பது இதனால் வரும் வசதி. கூடத்தில் உள்ளவை அங்கேயே வளர்க்கப்பட்டவை. ஓடையில் பிடித்தவை அல்ல. இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் மாசுபட்ட குட்டையில் வளர்ந்த தாய், உலோகத்தை முட்டைக்கும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அதன் சந்ததி உலோகத்துக்குப் பழகியும் போயிருக்கலாம்.

கருச் சோதனை ஃபீடாக்ஸ் என்று அழைக்கப்படுகிறது. ஜேம்ஸ் டுமான்டும் அவருடைய குழுவினரும் 1983இல் முன்வைத்த முறை. 1991இல், அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் இ1439 என்ற தர ஆவணமாக வந்தது. முட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழை சிஸ்டீன் கரைசலில் கழற்றி, ஒழுங்காகப் பிளவுபட்ட கருக்களை மட்டும் பொறுக்கி, தட்டுக்கு 25 வீதம் விட்டு, 96 மணிநேரம் சுமார் 24 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். முடிவில் மூன்றைப் பார்க்கிறார்கள்: எத்தனை இறந்தன, உயிரோடிருப்பவற்றில் எத்தனை உருக்குலைந்தன, நீளம் எவ்வளவு குறைந்தது. பாதி உயிர்களைக் கொல்லும் செறிவை, பாதி உயிர்களில் உருக்குலைவை உண்டாக்கும் செறிவால் வகுத்தால் வரும் எண் 1.5ஐத் தாண்டினால் அந்த நீர் கருவைச் சிதைக்கும் ஆற்றல் உடையது என்று கொள்கிறார்கள். அதாவது, கொல்லத் தேவையான அளவுக்கு வெகு கீழேயே ஊனத்தை உண்டாக்கிவிடுகிறது. நல்ல நீரில் வைத்த ஒப்பீட்டுத் தட்டுகளில் இறப்பும் உருக்குலைவும் தனித்தனியே 10 விழுக்காட்டைத் தாண்டினால் சோதனையே செல்லாது. எங்கள் அறிக்கையில் இந்த ஒப்பீட்டுத் தட்டுகளின் எண்களை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். இரண்டும் வரம்புக்கு உள்ளேயே இருந்தன.

நான்காம் நாள், வாடிக்கையாளர் விரும்பினால் நேரில் பார்க்கலாம் என்றார்கள், போனோம். ஒப்பீட்டுத் தட்டில் இருந்த தலைப்பிரட்டை, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலும், வயிற்றுக்குள் கடிகாரச் சுருள்போல ஒழுங்காகச் சுற்றிய குடலும், நேரான வாலுமாக நீரில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறைகளுக்குக் கீழே எடுத்த நீரில் இருந்தவற்றில் பலவற்றுக்குக் குடல் பாதிதான் சுருண்டிருந்தது. வால் நடுவில் ஒடிந்ததுபோல் மேல்நோக்கி வளைந்திருந்தது. சிலவற்றின் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, மார்பு கொப்புளம்போல் உப்பியிருந்தது. தொட்டால் நேரே நீந்த முடியாமல் வட்டமடித்தன. அறிக்கையில் 'குடல் சுருளாமை, முதுகுத்தண்டு வளைவு, இதய உறை வீக்கம்' என்று மூன்று சொற்றொடர்களாக வருவதை ஒருமுறை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டால், அதன்பின் விழுக்காடுகளைப் படிக்கும் கண் வேறாகிவிடும். கோயில் சபையின் மூத்தவர் ஒருவர் நெடுநேரம் உருப்பெருக்கியை விட்டு நகரவில்லை. பரிசோதகப் பெண் பொறுமையாக ஒவ்வொரு தட்டாக மாற்றி வைத்து, "தாத்தா, இதோ இது மேல்புறத்து நீர், இது கீழ்ப்புறத்து நீர்" என்று காட்டினார். இந்தப் பொறுமைக்குத் தனியே பாராட்டு உண்டு.

ஆனால் இந்தப் பகுதியிலேயே ஒரு பெரிய குறை இருக்கிறது. மாதிரி நீரை 100, 50, 25 என்று விழுக்காட்டில் படிப்படியாக நீர்க்கச் செய்யும்போது அவர்கள் பயன்படுத்தியது ஃபீடாக்ஸ் கரைசல். சோடியம் குளோரைடு, கால்சியம் சல்ஃபேட், மக்னீசியம் சல்ஃபேட் முதலிய உப்புகள் கலந்த அந்தக் கரைசலின் கடினத்தன்மையைச் செய்முறையில் உள்ள எடைகளைக் கொண்டு கணக்கிட்டால், லிட்டருக்குச் சுமார் 110 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாக வருகிறது. எங்கள் ஓடைநீர் அதைவிடப் பல மடங்கு மென்மையானது. அதே அறிக்கையின் வேதியியல் பக்கத்திலேயே அது பதிவாகியிருக்கிறது. கால்சியமும் காட்மியமும் செவுளின் பரப்பில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. கால்சியம் மிகுந்த நீரில் காட்மியமும் ஈயமும் தாமிரமும் உள்ளே நுழைவது குறையும். 1996 வழிகாட்டி கடினத்தன்மைக்கு ஏற்ப வரம்பை மாற்றிப் போட்டிருப்பதற்கும் காரணம் அதுவே. ஆகவே மாதிரியைக் கடினநீரால் நீர்க்கச் செய்தால் உலோகம் குறைவதோடு, எஞ்சிய உலோகத்தின் கடுமையும் சேர்ந்தே குறைகிறது. பாதிக்குப் பாதி கலந்தபோது கருக்கள் தப்பித்தன என்று அறிக்கை சொல்வதை, மழைக்காலத்தில் ஓடையில் நீர் இரட்டிப்பானால் தவளைகள் தப்பிக்கும் என்று யாராவது படித்துவிட்டால் அது தவறான பாடம். பட்டறைகளுக்கு மேலே எடுத்த தூய ஓடைநீரையே நீர்க்கப் பயன்படுத்தி, ஃபீடாக்ஸ் கரைசலை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. இதற்கு முன்கூட்டியே சொல்லிக் கூடுதலாக மேற்புற நீர் கொடுக்க வேண்டும். அதை அவர்கள்தான் எங்களிடம் கேட்டிருக்க வேண்டும், விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இனி மரபுப்பொருள் சேதத்தைச் சோதிக்கும் பகுதி. விலையில் பெரும்பங்கு இதற்குத்தான் போயிற்று, ஏமாற்றமும் இதில்தான். சர்வதேசத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 21427இன் முதல் பாகம், 2006இல் வந்தது, நீர்நில வாழ்விகளின் தலைப்பிரட்டைகளை 12 நாள் மாதிரி நீரில் வைத்து, பிறகு அவற்றின் சிவப்பணுக்களில் நுண் உட்கருக்களை எண்ணும் முறையை வகுக்கிறது. அதன் அடிப்படை எளிது. நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. தவளையின் சிவப்பணு நீள்வட்டமானது, நடுவே உட்கருவும் உண்டு. வளரும் தலைப்பிரட்டையில் இரத்த அணுக்கள் ஓடும் இரத்தத்திலேயே பிரிந்து பெருகுகின்றன. பிரியும் நேரத்தில் மரபுப்பொருளைத் தாங்கும் ஒரு நிறப்புரி (குரோமோசோம்) உடைந்தாலோ, இழுத்துச் செல்லும் கதிர் இழைகள் பழுதானாலோ, அந்தத் துண்டோ முழு நிறப்புரியோ பின்தங்கி, பெரிய உட்கருவின் அருகில் ஒரு சிறு பொட்டாக நின்றுவிடும். அதை எண்ணினால் சேதத்தின் அளவு தெரியும். பெரிய உட்கருவோடு ஒட்டாமலும், அதன் மூன்றில் ஒரு பங்கைவிடச் சிறியதாகவும், அதே சாயத்தை அதே அளவு ஏற்றதாகவும் இருந்தால்தான் கணக்கு; இல்லையென்றால் சாயத்தூளும் பொட்டாகத் தெரியும்.

இங்கே ஒழுங்கு இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை. தர ஆவணம் ஒரு தலைப்பிரட்டைக்கு 1,000 சிவப்பணுக்களை எண்ணச் சொல்கிறது. சேதம் நிச்சயமாக உண்டாக்கும் சைக்ளோபாஸ்பமைடு போன்ற ஒரு மருந்தை ஒரு தொட்டியில் கலந்து, சோதனை முறை உண்மையிலேயே சேதத்தைக் கண்டுபிடிக்கிறதா என்று காட்டச் சொல்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் சராசரிக்குப் பதிலாக இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) கொண்டு ஒப்பிடச் சொல்கிறது, ஏனெனில் ஒன்றிரண்டு தலைப்பிரட்டைகளில் மட்டும் எண்ணிக்கை எகிறி நிற்பது இயல்பு. எங்களுக்கு வந்த அறிக்கையிலோ குழுவுக்கு ஒரு சராசரி மட்டும் இருந்தது. எத்தனை அணுக்கள் எண்ணப்பட்டன என்பது இல்லை. சைக்ளோபாஸ்பமைடுத் தொட்டியின் முடிவு இல்லை. எண்ணியவருக்கு எந்தக் கண்ணாடித் தகடு எந்த நீருக்குரியது என்று தெரியுமா, தெரியாதா என்பதும் இல்லை. மனிதக் கண் எதிர்பார்ப்பதையே காணும் என்பதால் இதை மறைத்துவைத்து எண்ணுவதுதான் முறை. இவற்றைக் கேட்டு எழுதியபோது, நேர்மறை ஒப்பீடு, அதாவது அந்த மருந்துத் தொட்டிச் சோதனை, செய்யப்பட்டதாகவும் 'இடம் கருதி' அறிக்கையில் சேர்க்கவில்லை என்றும் பதில் வந்தது. அதே அறிக்கையின் அட்டையில் நீர்வீழ்ச்சிப் படம் ஒன்று முழுப்பக்கத்துக்கு இருக்கிறது.

காமெட் சோதனையைக் கூடுதல் விலைக்கு வாங்கினோம். இதில் இரத்த அணுக்களை ஒரு மெல்லிய அகரோஸ் படலத்தில் பதித்து, சவ்வைக் கரைத்து, காரக் கரைசலில் மின்புலம் செலுத்துகிறார்கள். உடைந்த டிஎன்ஏ இழைகள் வெளியே இழுபட்டு வால்நட்சத்திரம் போன்ற உருவம் தருவதால் அந்தப் பெயர். 1988இல் சிங் முதலியோர் வகுத்த கார முறையே இன்று பரவலாக உள்ளது. நுண் உட்கரு நிலைத்துவிட்ட சேதத்தைக் காட்டுகிறது. காமெட் இன்னும் பழுதுபார்க்கப்படக்கூடிய, புதிய சேதத்தைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் காட்மியம் போன்ற உலோகத்தின் நடத்தை புரியும். காட்மியம் டிஎன்ஏவை நேரடியாகத் தாக்குவதைவிட, அதைப் பழுதுபார்க்கும் புரதங்களைச் செயலிழக்கச் செய்வதில் வல்லது. துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. மின்முலாம் பட்டறைகளில் புழங்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமோ, உருவத்தில் சல்ஃபேட்டை ஒத்திருப்பதால் அதன் வாயில் வழியாகவே செல்லுக்குள் புகுந்து, உள்ளே மூன்று இணைதிறன் நிலைக்கு இறங்கும்போது டிஎன்ஏவோடு நேரடியாகப் பிணைகிறது. இந்த இரண்டில் எங்கள் ஓடையில் நடப்பது எது என்று அறியத்தான் பணம் கொடுத்தோம். கூடம் குரோமியத்தை மொத்தமாக மட்டுமே அளந்தது. ஆறு இணைதிறன் வடிவம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவில்லை. அழகான காமெட் படங்கள் நான்கு வந்தன. படம் எடுக்க எந்த அணுவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். விளக்கவுரைப் பக்கம் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே போலும். பாதரசம் அளவிடக்கூடிய அளவில் இல்லை என்று வேதியியல் பக்கம் சொல்ல, விளக்கவுரை பாதரசத்தின் கேடுகளைப் பத்தி பத்தியாக விவரிக்கிறது. கேட்டோ ரிட்ஜ் பகுதியில் ஒரு பாதரச மறுசுழற்சி ஆலையின் கழிவு ஓடையில் கலந்தது 1990இல் வெளிப்பட்ட மாகாணத்தில், பாதரசத்தைப் பற்றி எழுத நிறையவே இருக்கிறது. ஆனால் எங்கள் நீருக்கு அது பதிலாகாது.

சேவையின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும், இதில் கூடத்தின் பிழை ஏதும் இல்லை. பிளாட்டானாவின் தலைப்பிரட்டை நீரின் நடுவில் மிதந்தபடி நுண்துகள்களை வடிகட்டி உண்பது. அதன் வாயில் சுரண்டும் பற்கள் இல்லை. உலோகமோ பெரும்பாலும் அடிச்சேற்றில் போய்த் தங்குகிறது. நம் ஓடைகளில் இரவில் கொடகொடவென்று ஒலியெழுப்பும் ஆற்றுத்தவளைகளின் தலைப்பிரட்டைகள் கல்லிலும் சேற்றிலும் படிந்த பாசியைக் கொம்புப்பற்களால் சுரண்டி, சேற்றையும் சேர்த்து விழுங்குபவை. அவற்றுக்குச் சேறு வழியாகப் போகும் உலோகத்தை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. எங்கள் மாகாணமான குவாசுலு நாட்டாலின் கடற்கரையோரச் சதுப்புகளில் மட்டுமே வாழும் பிக்கர்ஸ்கில் நாணல் தவளை போன்ற அருகிவரும் இனத்துக்கு, உறுதியான பிளாட்டானா தாங்கியதை வைத்து நற்சான்று கொடுப்பதும் பொருந்தாது. சேற்றையும் சோதிக்க முடியுமா என்று கேட்டோம். சேற்றைச் சாறெடுத்து ஃபீடாக்ஸில் வைக்கலாம் என்றார்கள், தனி விலைக்கு.

விலையைப் பொறுத்தவரை, வெறும் உலோக அளவீட்டைவிடப் பல மடங்கு அதிகம். கோயில் சபை போன்ற அமைப்புக்கு எளிதான செலவு அல்ல. ஃபீடாக்ஸும் கரைந்த உலோக அளவீடும் சேர்ந்த பகுதி, கொடுத்த பணத்துக்கு முழுத் தகுதி உடையது. நகராட்சியிடம் நாங்கள் கொடுத்த மனுவில் எடுபட்டதும் அதுவே: மேற்புற நீரில் கருக்கள் நன்றாக வளர்ந்தன, கீழ்ப்புற நீரில் உருக்குலைந்தன, இடையே இருப்பவை இன்னின்ன கழிவுக் குழாய்கள் என்று ஒரே பக்கத்தில் காட்ட முடிந்தது. நுண் உட்கருப் பகுதியை மனுவில் சேர்க்கவே இல்லை; எதிர்த்தரப்பு ஆலோசகர் எவரும் முதல் கேள்வியிலேயே அதைத் தள்ளிவிடுவார். கூடத்தின் அங்கீகாரச் சான்றிதழைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனித்தோம்: தென்னாப்பிரிக்கத் தேசிய அங்கீகார அமைப்பான சானாஸ் அளித்த, ஆய்வுக்கூடத் திறனுக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் அவர்களுடைய உலோக அளவீட்டுக்கு மட்டுமே உண்டு, தவளைச் சோதனைகள் அந்தப் பட்டியலில் இல்லை. இது குற்றம் அல்ல, ஆனால் விலைப்பட்டியலில் முத்திரை எல்லாப் பக்கங்களிலும் அச்சாகியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டவுடன் காட்டினார்கள்.

அடுத்த மாதிரியை முதல் மழைக்குப் பிறகு கொடுப்பதாக இருக்கிறோம். நீர்க்கச் செய்ய மேற்புற ஓடைநீர், ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனி அளவீடு, தலைப்பிரட்டைக்கு 1,000 அணு என்ற எண்ணிக்கையும் நேர்மறை ஒப்பீட்டின் முடிவும் அடங்கிய இணைப்பு, சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளைத் திருப்பித் தருதல் ஆகியவற்றை விலைக்கோரிக்கையிலேயே எழுதிக் கேட்டிருக்கிறோம். முதல் மூன்றுக்கும் இசைந்துவிட்டார்கள். தகடுகளைத் தருவதற்கு இன்னும் இசையவில்லை. அதுவரை மரபுப்பொருள் பகுதிக்கான முன்பணத்தைச் சபை கொடுக்கப் போவதில்லை.